தோட்டத்துச் சொற்களுக்குப் பாட்டு வரி தேடுகிறேன்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் புழங்கும் சொற்களை அட்டைகளில் எழுதிச் சேர்த்து வருகிறேன். சொல், பொருள், கேட்ட இடம் ஆகிய மூன்றும்தான் இதுவரை அட்டையில் இருந்தன. இப்போது நாலாவதாக, அந்தச் சொல் வரும் பாட்டு அடி ஒன்றையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

இந்தப் பழக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலிருந்து வந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அகராதி அது. பல சொற்களுக்குப் பொருளோடு ஒரு செய்யுள் துண்டு இருக்கும். அதை ஒட்டி 'குறள்', 'சீவக.', 'புறநா.' என்று நூற்பெயர்ச் சுருக்கமும் பாட்டு எண்ணும் இருக்கும். பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளில் இந்த ஏற்பாடு இல்லை. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் மனப்பாடம் செய்வதற்காகத் தாங்களே செய்யுளாக அமைந்தவை. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் சொற்களை அகரவரிசைக்குக் கொண்டுவந்தார். ஆனால் 'இந்தப் பொருளில் இன்னார் ஆண்டிருக்கிறார்' என்று சாட்சி காட்டும்போதுதான் எனக்கு ஓர் அகராதிமேல் முழு நம்பிக்கை வருகிறது.

எந்த அடியும் சாட்சியாகிவிடாது. 'உடுக்கை' என்றால் எங்களுக்குக் கோடாங்கி கையில் இருப்பதுதான் நினைவுக்கு வரும். 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்ற குறளைப் படியுங்கள். இடுப்பிலிருந்து நழுவும் துணியை ஓடிப் பிடிக்கும் கை கண்முன் வந்துவிடும். உடுக்கை என்பது அங்கே ஆடை என்று விளக்கவே வேண்டாம். இப்படித் தானே பொருளைக் காட்டிக்கொடுக்கும் அடியைத்தான் தேடுகிறேன். சொல் வெறுமனே வந்து போகும் அடிகளை எடுப்பதில்லை, பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

வேலை செய்யும் முறையை ஆங்கில அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1755இல் வெளிவந்த தம் அகராதிக்காக அவர் புத்தகங்களைப் படித்துக்கொண்டே போய், வேண்டிய சொல்லைப் பென்சிலால் கோடிட்டு வைப்பார். உதவியாளர்கள் அந்த வரியைச் சீட்டில் பெயர்த்து எழுதுவார்கள். எனக்கு உதவியாளர் யாரும் இல்லை. கோடிடுவதும் பெயர்த்தெழுதுவதும் நானேதான். பாட்டிமார் பாடுவதை மட்டும் ஃபோனில் பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதுகிறேன்.

இதுவரை எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'மலை' அட்டை. 'மலைக்குப் போயிட்டாங்க' என்றால் இங்கே கொழுந்தெடுக்கவோ வேறு வேலைக்கோ தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு மலையகத்தில் பலருக்கும் தெரிந்த நாட்டார் பாட்டின் அடியைப் போட்டேன்: 'கோப்பிக் கன்னு போட்ட மலை' (கோப்பி என்றால் காப்பி). கன்று நட்டு வேலை நடக்கும் இடம்தான் மலை என்பதை அந்த அடியே சொல்லிவிடுகிறது. காலத்தையும் காட்டுகிறது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1869இல் கோப்பி இலைகளில் நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கோப்பித் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆக, இந்தச் சொல்லாட்சியின் வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது.

அதே பாட்டில் அடுத்து வருவது 'அண்ணனைத் தோத்த மலை'. தோற்றல் என்றால் போட்டியில் தோற்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஓர் அடி போதும். கூடப் பிறந்தவனைச் சாவுக்குக் கொடுத்ததை அந்த மக்கள் 'தோத்த' என்றுதான் பாடினார்கள். இதை எழுதும்போது மனம் கனத்தது. தலைச்சொல்லை 'தோற்றல்' என்றே வைத்தேன், ஆனால் அடியில் 'தோத்த' என்பதைத் திருத்தவில்லை. சாட்சி பேசியதை மாற்றி எழுதக் கூடாது.

'கங்காணி' அட்டையில் இரண்டு அடிகள் வேண்டும். தோட்டத்து மேற்பார்வையாளரைக் குறிக்கும் பாட்டு அடி ஒன்று. அதற்கு மேலே திருமூலர்: 'கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார் கண்காணி இல்லா இடமில்லை காணுங்கால்'. திருமந்திரத்தில் எங்கும் நிறைந்து பார்த்துக்கொண்டிருக்கும் இறைவன்தான் கண்காணி. காலையில் வேலையாட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்தவருக்கும் அதே பெயர். இரண்டையும் ஒரே அட்டையில் அடுத்தடுத்துப் பார்க்கும்போது சொல் நடந்து வந்த தூரம் தெரிகிறது.

'கவ்வாத்து' (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), 'கொந்தரப்பு' (ஒப்பந்த வேலை), 'முள்ளுக்குத்து' (முள்ளால் மண்ணைக் குத்திவிடுவது) மூன்றும் இன்னும் அடி இல்லாமல் நிற்கின்றன. நானே வரி கட்டிப் போடலாம், ஆனால் அது சாட்சி ஆகாது. அதனால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். கவ்வாத்து ஆண்கள் வேலை என்பதால் பெண்களின் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அகப்படவில்லை போலும். அடுத்ததாக, மன்மதன் கதையை ஆடிப் பாடும் காமன் கூத்துப் பாடத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்கப் போகிறேன்.