முதல் கேமரா: பகல்ல எல்லாமே நல்ல கேமராதான்

பிப்ரவரி 2
போன்ல எடுத்தது போதும், இந்த தடவ ஒரு கேமரா வாங்கியே ஆகணும். எடுக்கப்போறது ரெண்டே விஷயம், ஒண்ணு வேடந்தாங்கல், இன்னொண்ணு பங்குனியில மயிலாப்பூர் அறுபத்து மூவர், அதுவும் இருட்டினப்புறம் மாட வீதில. யார கேட்டாலும் மிரர்லெஸ் வாங்கு, எஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வெச்ச பழைய வகை) காலம் முடிஞ்சுதுங்கிறாங்க. சரிதான், ஆனா எல்லாரும் அங்க தாவுறதாலதான் செகண்ட் ஹேண்ட்ல நல்ல நல்ல எஸ்எல்ஆர் பாடி எல்லாம் விலை இறங்கி கெடக்கு, எனக்கு அது ரொம்ப சந்தோஷம்.

பிப்ரவரி 7
ராத்திரி பூரா ஸ்பெக் படிச்சேன். கேனன் 1500டி, நிக்கான் டி3500, டி7200, மூணுமே 24 மெகாபிக்சல், அப்போ எத வெச்சு பிரிக்கிறது? முதல் ரெண்டுக்கும் கூடவே வர்ற 18-55 எம்எம் கிட் லென்ஸ்லதான் விஷயமே இருக்கு. 55க்கு ஜூம் பண்ணா எஃப் 5.6க்கு மேல தெறக்காது (எஃப் நம்பர் சின்னதா இருந்தாதான் லென்ஸ் பெருசா தெறக்குதுன்னு அர்த்தம்). 50 எம்எம் எஃப் 1.8 போட்டா கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வருது. கடன வாங்கி ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமரா, போனாக்கூட வெளிச்சத்த வாங்குற அந்த சென்சாரோட பரப்பு ரெண்டு மடங்கு சொச்சம்தான் கூடும். காச லென்ஸ்ல போடுறதுதான் புத்தி.

பிப்ரவரி 14
சித்தப்பா பையன்கிட்ட 1500டி ஓசி வாங்கிட்டு அவனையும் இழுத்துகிட்டு வடக்கு மாட வீதி போனேன். பூக்கடை அக்காகிட்ட கேட்டுட்டு எடுத்தேன், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி) 3200, 55ல ஷட்டர் 1/30 செகண்டுதான் கெடச்சுது, மூஞ்சி ஷார்ப்பா இருக்கு, பூ கட்டுற விரல் மட்டும் புகையா போயிடுச்சு. "அண்ணா, லென்ஸ்ல ஐஎஸ், அதான் ஸ்டெபிலைசர், இருக்கு, ஷேக்கே ஆகாது"ன்னான். டேய், அது என் கை ஆட்டத்ததான் பிடிக்கும், அவங்க கை ஓடுறத எப்படிடா பிடிக்கும்? அவனோட 50 எஃப் 1.8 மாட்டினதும் 1/320 வந்துது, விரல் அப்படியே நின்னுடுச்சு. ஆனா கிட்ட போனா ஒரு கண்ணு ஷார்ப், இன்னொண்ணு அவுட், அதனால எஃப் 2.5 பக்கம் வெச்சுகிட்டா நிம்மதி. பந்தல் நிழல்ல ஃபோகஸ் முன்னாடியும் பின்னாடியும் அலஞ்சுது, நடு பாயிண்ட்ட மட்டும் வெச்சதும் கொஞ்சம் அடங்குச்சு.

பிப்ரவரி 18
வேடந்தாங்கல், அதே 1500டி, 55-250 லென்ஸ். நல்ல வெயில்ல எந்த கேமராவும் நல்ல கேமராதான். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம் தெளிவா வந்துருக்கு. பறக்கும்போது மட்டும் செகண்டுக்கு 3 படம் பத்தல.

பிப்ரவரி 25
கடைல டி3500ஐயும் டி7200ஐயும் மாத்தி மாத்தி கையில பிடிச்சு பாத்தேன். டி3500 இறகு மாதிரி லேசு, ஆனா உள்ள ஃபோகஸ் மோட்டார் கெடையாது, பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் போட்டா கையாலதான் திருப்பணும். டி7200ல மோட்டார் இருக்கு, செகண்டுக்கு 6 படம், கண்ண வெச்சு பாக்குற வ்யூஃபைண்டர் பென்டாப்ரிஸம் (முழு கண்ணாடிக் கட்டி), எட்டி பாத்ததுமே பளிச்சுனு பெருசா இருக்கு. ஃபோகஸ் மைனஸ் 3 ஈவி (வெளிச்ச அளவு, நம்பர் கொறய கொறய இருட்டு) வரைக்கும் பிடிக்கும், 1500டி ஜீரோவோட நின்னுடும். இருட்டுல ஐஎஸ்ஓவ பத்தியே எல்லாரும் பேசுறாங்க, ஃபோகஸே விழலன்னா ஐஎஸ்ஓ எவ்ளோ போனா என்ன? கடைக்காரர் "தம்பி, 2015 மாடல் எதுக்கு, புதுசா பாருங்க"ன்னார். சிரிச்சுட்டு வந்துட்டேன்.

மார்ச் 3
வாங்கியாச்சு, செகண்ட் ஹேண்ட் டி7200, கூட அந்த 50 1.8டி. ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தன படம் எடுத்திருக்குன்னு பாத்தேன், 1,50,000 வரைக்கும் டெஸ்ட் பண்ண ஷட்டர், இது அதுல பாதிகூட ஓடல. எஃப் 16ல வானத்த எடுத்து சென்சார் தூசி பாத்தேன், லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கான்னு பாத்தேன், நம்ம ஊரு ஈரத்துக்கு அது கட்டாயம். வாங்குறவங்களுக்கு ஒண்ணு, இந்த லென்ஸ்ல அப்பர்ச்சர் வளையத்த 22ல வெச்சு லாக் பண்ணணும், இல்லன்னா கேமரா எஃப்இஇன்னு எரர் காட்டி அடம்பிடிக்கும்.

பறவைக்கு 70-300 லென்ஸ் அடுத்த சீசனுக்குதான், காசு சேரட்டும். அறுபத்து மூவருக்கு ஆட்டோ ஐஎஸ்ஓ, மேக்ஸிமம் 6400, மினிமம் ஷட்டர் 1/125ன்னு இப்பவே செட் பண்ணி வெச்சுட்டேன். தம்பி அவன் 1500டியோட வரானாம், ஃபுல் நைட் ஆட்டோ மோடுதான்னு அடம்.