தொப்பி கேட்ட கொள்ளையர்

மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் பக்கம் கடற்கொள்ளையர் ஒரு கப்பலை மடக்கி ஏறினார்கள். உயிர் போகப்போகிறது என்று பயணிகள் நடுங்க, கொள்ளையர் கேட்டதோ அவர்கள் தலையில் இருந்த தொப்பிகளை மட்டும்.

முந்தின இரவு போதையில் தங்கள் தொப்பிகளைக் கடலில் வீசிவிட்டார்களாம்! இன்று படித்ததில் சிரிப்பை அடக்க முடியாத இடம்.

அந்தக் கொள்ளையரின் தலைவர் பெஞ்சமின் ஹார்னிகோல்ட். பிளாக்பியர்டு என்ற பேர்போன கடற்கொள்ளையனுக்கே தொழில் பழக்கியவர்.

ஆங்கிலேயக் கப்பலைத் தொட மாட்டேன் என்றதால் 1716-இல் சொந்த ஆட்களே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். (ஆமாம், கொள்ளைக் கப்பலில் அப்போதே ஓட்டு.)

1717 செப்டம்பரில் சரணடையும் கொள்ளையருக்கு பிரிட்டிஷ் மன்னர் முதலாம் ஜார்ஜின் மன்னிப்பு அறிவிப்பு. 1718-இல் பஹாமாஸ் தீவுகளின் ஆளுநர் வுட்ஸ் ரோஜர்ஸ் அங்குள்ள நசாவு நகருக்கு வந்ததும் ஹார்னிகோல்ட் அரசின் பக்கம் மாறி, பழைய கூட்டாளிகளைப் பிடிக்கக் கிளம்பினார்.

சரியான ஆள்தான். அவர்கள் எந்தத் தீவில் ஒதுங்குவார்கள் என்று வேறு யாருக்குத் தெரியும்?

பஹாமாஸின் எக்ஸூமா தீவுகளில் அவர் பிடித்து வந்தவர்களில் எட்டுப் பேரை அந்த டிசம்பரில் நசாவில் தூக்கிலிட்டார்கள்.