கென்ஜி ஊரில் பசியோடு ஒரு நாள்

நேற்று ராத்திரிதான் டோக்கியோ திரும்பினேன். கால்வலியும் போகவில்லை, எரிச்சலும் போகவில்லை. வட ஜப்பானில் எழுத்தாளர் மியாசாவா கென்ஜியின் ஊரான ஹனமாகிக்குப் போகிறவர்களே, ஷின்-ஹனமாகி ஸ்டேஷனில் இறங்கியதும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் நின்றேன். கென்ஜி மியூசியம் போகும் பஸ் சொன்ன நிமிஷத்துக்குக் கிளம்பிவிட்டது. அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். டாக்ஸிக்கு ஆயிரம் யென் தண்டம். நடந்தாலே அரை மணிதான் என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது. ஏற்கனவே ஏழு நாள் ரயில் பாஸுக்கு 50,000 யென் அழுதவன் நான். 2023 அக்டோபருக்கு முன்னால் அதே பாஸ் 29,650!

சரி, மியாசாவா கென்ஜி. இந்த ஊர் அடகுக்கடைக்காரர் மகன். பிறந்தது 1896, இறந்தது 1933, வயது 37. இருந்தவரை வெளிவந்த புத்தகங்கள் இரண்டே இரண்டு, இரண்டுமே 1924-ல். ஒன்று கவிதை, ஒன்று சிறுவர் கதைகள். ஜப்பானே கொண்டாடுகிற அந்தப் பால்வெளி ரயில் கதையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதி, முடிக்காமலே போய்ச் சேர்ந்தார். மியூசியத்தில் அவர் வாசித்த செல்லோவின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். மற்ற எழுத்துப் பலகைகளைப் படிக்க எனக்கு ஜப்பானியம் போதாது.

மதியம் பசி. ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் 'காய்கறி சோபா' (சாற்றில் போட்ட ஒரு வகை நூடுல்ஸ்) என்று கேட்டு வாங்கினேன். ஆவி பறக்க வந்தது. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது: சூரை மீன் காய்ச்சிய சாறு, நம் மாசிக் கருவாட்டு வாசனை. கடைக்காரம்மாவோ "காய்கறிதானே கேட்டீர்கள்?" என்கிற மாதிரி சிரிக்கிறார். அவர்மேல் தப்பில்லை, அங்கே அதுதான் தண்ணீர் மாதிரி. ஆனால் கென்ஜி 1918-லிருந்து சில வருஷம் புலால் தொடாமல் இருந்தவர்! நோட்டுப் புத்தகத்தில் அவர் எழுதிவைத்த கவிதையில்கூட ஆசைப்படும் சாப்பாடு தினம் நாலு கோ பழுப்பரிசி, மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுது, கொஞ்சம் காய்கறி. நாலு கோ என்றால் கிட்டத்தட்ட 600 கிராம் அரிசி. வயலில் வேலை செய்கிறவன் கணக்கு. எனக்குக் கிடைத்தது ஊறுகாய்ப் பழம் வைத்த இரண்டு சோற்று உருண்டை, பெட்டிக்கடை விலையில்.

கடைசியாக விவசாய உயர்நிலைப் பள்ளி வளாகம். (மறுபடி டாக்ஸி. தொகையைச் சொன்னால் அம்மா திட்டுவாள்.) 1926-ல் கென்ஜி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தனியாகக் குடியிருந்து, உழவர்களுக்கு உரக்கணக்குப் போட்டுக்கொடுத்த வீட்டை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மரச்சுவரில் சின்னக் கரும்பலகை. சாக்பீஸ் எழுத்து: 'கீழே வயலில் இருக்கிறேன். கென்ஜி.'

தேடி வருகிறவர்களுக்காக எழுதி வைத்தது. ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றேன். அந்த வயல் ஊரின் இன்னொரு கோடியில், வீடு முதலில் இருந்த இடத்துக்குக் கீழே. பர்ஸைத் திறந்து பார்த்தேன், எண்ணூறு யென். ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டினேன்.