மோபி டிக்கின் கடைசிப் பக்கம்

ஜனவரி 6

ஹெர்மன் மெல்வில்லின் திமிங்கில வேட்டை நாவலான மோபி டிக்கை நான்காவது முறையாக முடித்தேன். என் பேப்பர்பேக்கின் முதுகு விட்டுப்போய், நடுவில் ஒரு கொத்துப் பக்கங்கள் தனியாகக் கையோடு வந்துவிட்டன. ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். இந்த நாவலுக்காக யாராவது உட்கார்ந்து ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, நல்ல தாளில் அச்சடித்திருப்பார்களா? இருக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது.

ஜனவரி 7

‘லிமிடெட் எடிஷன்’ என்று தேடியது தப்பு. தோல் அட்டை, தங்க விளிம்பு, பட்டு நாடா என்று வரிசையாக வந்து நிற்கின்றன. உள்ளே எல்லாம் எழுத்து தாளில் அழுந்தாத ஆஃப்செட் அச்சு. அவை அழகாக இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் தேடுவது எழுத்து தாளை அழுத்திப் பதிந்த புத்தகம். எத்தனை பிரதி என்பது அப்புறம்தான்.

ஜனவரி 11

உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் தலைப்பை மட்டும் கொடுத்தால் பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. படம் வரைந்தவர், அச்சகம், ஆண்டு என்று சுருக்கியதும் மூன்று நின்றன.

1930: ராக்வெல் கென்ட் படங்களுடன் சிகாகோவின் லேக்சைடு பிரஸ். மூன்று தொகுதி, அலுமினியப் பெட்டி, 1000 பிரதி. அருமையான வேலை, ஆனால் அது ஒரு பெரிய வணிக அச்சகத்தின் வேலை. 1943: லிமிடெட் எடிஷன்ஸ் கிளப். மூன்றாவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1979, சான் பிரான்சிஸ்கோ, ஏரியன் பிரஸ், 265 பிரதிகள். ஆண்ட்ரூ ஹோயம் நடத்திய அச்சகம். பாரி மோசர் மரக்கட்டையில் செதுக்கிய நூறு படங்கள். எழுத்து முழுக்கக் கையால் கோத்தது.

சரி, இருக்கிறது!

ஜனவரி 24

பழைய புத்தக விற்பனையாளர் ஒருவர் ‘ஏரியன் பிரஸ் பதிப்பு’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். இன்று வந்தது. மோசரின் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் விரலை ஓட்டினேன். கண்ணாடி மாதிரி வழுக்கியது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பார்த்தேன்: கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம். ஏரியன் பதிப்பை அளவு குறைத்து 1981இல் அவர்கள் கொண்டுவந்த மறுபதிப்பு இது. படிக்க நல்ல புத்தகம்தான், வைத்துக்கொள்கிறேன். ஆனால் விற்பவர் அந்த ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து எழுதியிருக்கலாம். இனி யாரிடம் கேட்டாலும் முதலில் கொலோஃபன் பக்கத்தின் போட்டோவைத்தான் கேட்பேன். புத்தகத்தின் கடைசியில் அச்சகத்தார் தங்கள் கையால் கொடுக்கும் வாக்குமூலம் அது.

பிப்ரவரி 2

அரிய நூல் பிரிவு உள்ள ஒரு நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதினேன்.

பிப்ரவரி 13

பார்த்துவிட்டேன்.

பேனாவை வெளியே வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். நூலகர் அம்மா புத்தகத்தை நுரைத் திண்டுமேல் வைத்து, “அவசரமே வேண்டாம், மெதுவா புரட்டுங்க” என்றார். கனமான புத்தகம். முதலில் கடைசிப் பக்கம்தான் போனேன். 265 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு முதல் அத்தியாயம். பெரிய முதலெழுத்து நீலத்தில். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி குனிந்து பார்த்தால் ஒவ்வோர் எழுத்தும் தாளுக்குள் ஒரு மயிரிழை இறங்கி நிற்கிறது. பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல். ஒருவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்த எழுத்து! இந்தத் தடிமனான நாவல் முழுவதற்கும்!

நாவலின் கப்பல் தலைவன் ஆகாபின் முகத்தைத் தேடினேன். இல்லை. கதாபாத்திரங்களை வரையவே கூடாது என்பது ஹோயமின் தீர்மானம். கப்பல், கயிறு, ஈட்டி, திமிங்கிலம், துறைமுகம், இவைதான் படங்கள். எவ்வளவு சரியான முடிவு! நான்கு வாசிப்பில் எனக்குள் உருவான ஆகாபை அவர்கள் தொடவில்லை.

நேரம் முடிகிறது என்றார்கள். ‘திமிங்கிலத்தின் வெண்மை’ என்ற 42ஆம் அத்தியாயத்துக்கு ஓடினேன். நூலகர் ஒரு தாளை மட்டும் ஜன்னல் பக்கம் லேசாகத் தூக்கிப் பிடித்தார். கையால் செய்த தாள். அதற்குள், வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும் நீர்க்குறியாக ஒரு திமிங்கிலம் நீந்திக்கொண்டிருந்தது.