தர்பூசணி வாசனையைத் தேடி ஒரு பகல்

படகில் ஏறுவதற்கு முன் கேப்டன் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, பையில் வாழைப்பழம் இருக்கிறதா என்பது. இருந்தது. என் மாமனார் எங்கு போனாலும் இரண்டு பழம் இல்லாமல் போக மாட்டார். மீன்பிடிப் படகில் வாழைப்பழம் ஏறினால் அன்று மீன் ஏறாது என்று அமெரிக்கக் கடற்கரை முழுவதும் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் மறுபேச்சு பேசவில்லை. காருக்கு நடந்து போய்ப் பழத்தை வைத்துவிட்டு வந்து, "தொழில் பண்றவர் சொன்னா கேட்டுக்கணும், மாப்பிள்ளை" என்றார்.

மாமனார் தொண்டிக்காரர். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் என்றாலும், பள்ளி நாட்களில் பாக் நீரிணையில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவர். நான் மதுரைக்காரன்; வைகையில் தண்ணீர் வருவதையே செய்தியாகப் பார்த்துப் பழகியவன். அவரை அருங்காட்சியகம், விண்வெளி மையம் என்று அலைக்கழித்தது போதும் என்று தோன்றியதால், அக்டோபர் கடைசி வாரத்தில் கால்வெஸ்டன் விரிகுடாவில் ஒரு முழு நாள் படகை அமர்த்தினேன். எனக்கு மீன்பிடிக்கும் ஆண்டு உரிமம் இருந்தது. அவருக்கு ஒருநாள் உரிமம் எடுத்தேன். படகுக்கான கட்டணம் என்னவென்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பேச்சை மாற்றினேன்.

டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரின் தென்கிழக்கே ஏறத்தாழ 600 சதுர மைல் பரப்பில் கிடக்கும் இந்த விரிகுடா, ட்ரினிட்டி, சான் ஜசிண்டோ ஆகிய ஆறுகளின் நன்னீரும் மெக்சிகோ வளைகுடாவின் உப்புநீரும் கலக்கும் கழிமுகம். பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும் ஆழம்தான். அதன் நடுவே, 1914-இல் திறக்கப்பட்ட கப்பல் கால்வாய் மட்டும் சுமார் 45 அடி ஆழத்துக்குத் தோண்டப்பட்டிருக்கிறது. நாங்கள் சான் லியான் பக்கமிருந்து கிளம்பி, கிழக்கு விரிகுடாவுக்குப் போக இந்தக் கால்வாயைக் குறுக்கே கடந்தோம். விடியாத இருட்டில் ஒரு எண்ணெய்க் கப்பல் அடுக்குமாடிக் கட்டடம் நகர்வதைப் போல எதிரில் போக, அது கடந்து வெகுநேரம் கழித்து, ஆழமற்ற பகுதியில் அதன் அலை எழும்பி எங்களைத் தூக்கிப் போட்டது. கேப்டன் அதற்காகவே வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

இரண்டு நாள் முன்பு குளிர்காற்று வடக்கிலிருந்து வீசி ஓய்ந்திருந்தது. இங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஒன்றிரண்டு அடிக்கு மேல் போகாது. அதைவிடக் காற்றுதான் தண்ணீரை நகர்த்துகிறது. வாடை வலுத்தால் விரிகுடாவின் தண்ணீர் வளைகுடாவை நோக்கி இறங்கும், சதுப்பு நிலங்களில் வளர்ந்த வெள்ளை இறால் அந்த நீவாட்டோடு வெளியேறும், அதன் பின்னால் மீன் வரும். நீவாடு என்பது மாமனாரின் சொல். நீரோட்டத்தை அவர் வேறு எப்படியும் சொல்லி நான் கேட்டதில்லை. கேப்டன் சொன்னதை நான் மொழிபெயர்க்கத் தொடங்குவதற்குள், மாமனார் தண்ணீரைக் காட்டி அதே முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்.

பொழுது வெளுத்ததும் கேப்டன் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். மீன் கீழிருந்து துரத்த, இறால் தண்ணீருக்கு மேல் துள்ள, அதைக் கொத்த கடற்காகங்கள் கூட்டமாக இறங்கும். அந்த இடத்துக்குப் போனால் தூண்டிலை எங்கே போடுவது என்று யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஆலாக்களை நம்பக் கூடாதாம். அவை பொடிமீனைப் பார்த்தாலும் இறங்கும், ஒன்றும் இல்லாவிட்டாலும் இறங்கும்; அதனால் டெக்சஸ் தூண்டில்காரர்கள் அவற்றைப் 'பொய் சொல்லும் பறவை' என்கிறார்கள். முதலில் கண்ட கூட்டத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு நூறு கஜம் முன்னதாகவே பெரிய எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று எங்களை அதன் மேல் கொண்டு சேர்க்கும்படி படகைக் குறுக்காகத் திருப்பிவிட்டார்.

அடுத்த இருபது நிமிடம் பேச நேரமில்லை. தக்கைக்குக் கீழே இரண்டடித் தூண்டில் நரம்பில் உயிருள்ள இறாலைக் கோத்து வீச வேண்டும். கோலைச் சுண்டினால் தக்கை தண்ணீரில் 'பொளக்' என்று ஒலிக்கும். அந்தச் சத்தம், இன்னொரு மீன் இரை எடுப்பதைப் போல ஏமாற்றி மற்ற மீன்களை வரவழைக்கும். வந்தவை எல்லாம் புள்ளி ட்ரவுட். இதன் வாய் ஈரக் காகிதம் போன்றது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து தூண்டில் முள் கழன்றுவிடும் என்று கேப்டன் எச்சரித்தும், நான் இழுத்த முதல் மூன்றும் படகின் ஓரம் வரை வந்து போயின. மாமனார் கோலைத் தூக்கவே இல்லை. நரம்பு இறுகும் வரை சுற்றி, பிறகு சீராக இழுத்தார். கைத்தூண்டிலில் கோல் கிடையாது என்பதால் அவருடைய கைக்கு இந்த அவசரம் பழகவில்லை போலும்.

அதற்குள் இன்னொரு படகு முழு வேகத்தில் பறவைக் கூட்டத்தின் நடுவே புகுந்தது. பறவைகள் எழுந்து கலைந்தன, மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. கேப்டன் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் மாமனாருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிடித்ததில் பாதிக்கு மேல் திரும்பத் தண்ணீருக்கே போயிற்று. 2024 முதல் டெக்சஸில் புள்ளி ட்ரவுட் 15 அங்குலத்துக்குக் குறைந்தாலும் 20 அங்குலத்தைத் தாண்டினாலும் பொதுவாக வைத்துக்கொள்ள முடியாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று மீன்தான். வாடகைப் படகில் கேப்டனின் பங்கு என்று தனியாக எதையும் எடுக்கவும் கூடாது. அளக்கும் பலகையில் மீனின் மூக்கை ஒரு முனையில் முட்டவைத்து, வாலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மாமனாரின் நல்ல மீன் ஒன்று பதினாலே முக்காலில் நின்றது. "கால் அங்குலத்துக்கா?" என்று அவர் என்னைப் பார்த்தார். கேப்டன் அதற்குள் மீனை நீரில் இறக்கிவிட்டிருந்தார்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. எழுபதுகளில் வலைத்தொழில் ட்ரவுட்டையும் செம்மீனையும் அரித்தெடுத்துவிட்டதாகத் தூண்டில்காரர்கள் சங்கம் சேர்த்துச் சண்டையிட்டார்கள். 1981-இல் டெக்சஸ் அரசு இவ்விரண்டையும் பிடித்து விற்பதையே தடைசெய்தது. ('ரெட்ஃபிஷ்' என்பதைத்தான் செம்மீன் என்கிறேன், வேறு நினைவுகள் வேண்டாம்.) வலையால் வாழ்ந்த குடும்பங்கள் அதற்கு என்ன விலை கொடுத்தன என்பதைத் தூண்டில்காரர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிறகு 2021 பிப்ரவரியில் வந்த உறைபனியில் டெக்சஸ் கரையோரம் சுமார் 38 லட்சம் மீன்கள் செத்து ஒதுங்க, ட்ரவுட்டின் அளவுகள் மறுபடி இறுக்கப்பட்டன.

பத்து மணிக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. நான்கு இடங்களில் நின்றோம். கெளுத்தி மட்டும் வந்தது. அதன் முள் ஊரில் குத்தினாலும் இங்கே குத்தினாலும் ஒரே வலிதான் என்பதால், கேப்டன் குறடால் பிடித்துக் கழற்றி எறிந்தார். "குழம்புக்கு ஆகுமே" என்றார் மாமனார். டையாக்சின் போன்ற ரசாயனங்களால் இந்த விரிகுடாவின் கெளுத்தியைச் சாப்பிடுவதில் அரசின் எச்சரிக்கை இருக்கிறது என்று விளக்கினேன். கப்பல் கால்வாயின் வடகோடியில் வரிசையாக நிற்கும் ஆலைகளை வரும்போது பார்த்திருந்ததால் அவர் மேலே கேட்கவில்லை. புளியோதரையைப் பிரித்தோம். கேப்டன் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு, வேர்க்கடலையை மட்டும் தேடித் தேடித் தின்றார்.

முழு நாள் படகு என்றால் காசு கொடுப்பது இந்த வெற்று நேரத்துக்கும் சேர்த்துத்தான். அரை நாளில் திரும்புகிறவர்கள் காலை மீனோடு சந்தோஷமாகப் போய்விடுவார்கள். கேப்டன் எப்படி யோசிக்கிறார் என்பதை அவர்கள் பார்க்க வாய்ப்பில்லை. மீன் கிடைக்கும்போது எல்லாரும் கெட்டிக்காரர்கள். மீன் இல்லாத இடத்தை எத்தனை நிமிடத்தில் விடுவது என்பதில்தான் அவருடைய முப்பது வருடம் இருந்தது. எனக்கு இன்னும் பத்து வீச்சு வீசிப் பார்க்கத் தோன்றிய ஒவ்வோர் இடத்திலும் அவர் ஏற்கெனவே எஞ்சின் சாவியில் கை வைத்திருந்தார்.

ஒரு மணியளவில் ஹானா ரீஃப் என்னும் சிப்பித் திட்டின் ஓரத்துக்கு வந்தோம். 2008-இல் ஐக் புயல் கொண்டுவந்த சேறு இந்த விரிகுடாவின் சிப்பிப் படுகைகளில் ஏறத்தாழ பாதியை மூடிவிட்டது. கிழக்கு விரிகுடாவில் சேதம் இன்னும் அதிகம். பிழைத்த திட்டுகளைச் சுற்றி இறாலும் நண்டும் ஒதுங்க, அவற்றைத் தேடி மீன் வருகிறது. தண்ணீர் மங்கலாக, வெறிச்சென்று இருந்தது. மாமனார் திடீரென்று முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பினார்.

"வெள்ளரிப் பிஞ்சு வாசம் வருது, மாப்பிள்ளை."

எனக்கு டீசல் வாசம் மட்டுமே தெரிந்தது. அதைக் கேப்டனிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். ஐம்பது கஜத்துக்கு அப்பால், சிற்றலைகளுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வழவழப்பு மட்டும் அசையாமல் இருந்தது. அவர் அதை முன்பே கண்டு, முன்பக்கச் சிறு மோட்டாரால் படகைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அடியில் ட்ரவுட் கூட்டம் வயிறு முட்டத் தின்று கக்கும்போது, இரையின் எண்ணெய் மேலே வந்து இப்படிப் படலமாகப் பரவும். அதற்குத் தர்பூசணி வாசம் உண்டு என்று இங்கே சொல்வார்கள். படலம் சிறிதாக இருந்தால் இப்போதுதான் எழுந்தது என்று பொருள். விரிந்துவிட்டால் அது காற்றில் நகர்ந்து வந்தது, மீன் அதற்குக் கீழே இருக்காது, காற்று வரும் திசையில் தள்ளித் தேட வேண்டும். தர்பூசணியா வெள்ளரியா என்பதில் இருவருக்கும் கடைசி வரை உடன்பாடு ஏற்படவில்லை. அந்தத் தட்டின் விளிம்பில் போட்ட இரைக்கு, பதினேழு அங்குலத்தில் ஒன்றும் பதினெட்டில் ஒன்றும் ஏறின.

பிற்பகலில் படகு பொலிவர் தீபகற்பத்தின் சதுப்புக் கரையை ஒட்டி, முழங்கால் ஆழத் தண்ணீரில் மெல்லப் போயிற்று. கோரைப்புல் விளிம்பில் மடவைகள் துள்ளின. செம்மீன் அங்கே தலையைக் கவிழ்த்துச் சேற்றில் நண்டு தேடும்போது அதன் வால் தண்ணீருக்கு மேல் தெரியும். செப்பு நிற உடலில், வாலடியில் கண் போல ஒரு கறுப்புப் புள்ளி. மாமனார் முதல் மீனைக் கையில் வாங்கியதும் புரட்டி வாயைப் பார்த்தார், செதிலைத் தடவினார், பிறகு தீர்ப்புச் சொன்னார்: "இது கத்தாழைதானே."

உண்மைதான். செம்மீனும், பெயரில் மட்டுமே ட்ரவுட்டாக இருக்கும் அந்தப் புள்ளி மீனும், நம் ஊர்க் கத்தாழையும் பன்னாவும் கூறலும் ஒரே குடும்பம். காற்றுப்பையை அதிரவைத்துக் குரல் எழுப்புகிற மீன்கள். அவர் சொன்ன நேரத்தில் அவர் கையிலிருந்த மீனும் இரண்டு முறை உறுமிற்று.

நான்கு மணிக்கு என் ரீல் அலறத் தொடங்கியது. கரையோர மீன்களைப் போலச் சுற்றி வராமல், நேராக ஆழத்தை நோக்கி நரம்பை உருவிக்கொண்டு போயிற்று. கேப்டன் மோட்டாரால் பின்தொடர, பதினைந்து நிமிடம் ஆயிற்று. வலைக்கூடையில் வந்தது முப்பத்திரண்டு அங்குலம். செம்மீனை 20 முதல் 28 அங்குலம் வரைதான் வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டியதை எடுக்க, ஆண்டு உரிமத்தோடு வரும் ஒரே ஒரு அடையாளச் சீட்டை மீனில் கட்ட வேண்டும். என் சீட்டு அப்படியே இருந்தது. உங்கள் மீன், உங்கள் முடிவு என்றார் கேப்டன். இந்த அளவில் அது விரிகுடாவை விட்டுக் கடலுக்குப் போய் முட்டையிடுகிற மீன் என்பதையும், நாற்பது வயது வரைகூட வாழக் கூடியது என்பதையும் நான் படித்திருந்தேன். ஆனாலும் மனம் ஐஸ் பெட்டியின் நீளத்தை அளந்துகொண்டிருந்தது.

மாமனார்தான் முடித்துவைத்தார். "இவ்வளவு பெருசு சக்கை மாதிரி இருக்கும். ருசி இருக்காது. விட்டுருங்க."

வாலைப் பிடித்து, வாயில் தண்ணீர் ஓடும்படி முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அது என் மணிக்கட்டை ஓர் அடி அடித்துவிட்டுப் போனது.

கரையில், மீன் வெட்டும் மேடையைச் சுற்றிக் கூழைக்கடாக்கள் கூடிவிட்டன. நான்கு ட்ரவுட், இரண்டு செம்மீன். கேப்டன் ஒரு மீனுக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. இரு பக்கத் தசையையும் வழித்தெடுத்துவிட்டு, தலையும் முள்ளுமாக மிச்சத்தைத் தண்ணீரில் வீசினார். இரண்டாவது தலை பறந்தபோது மாமனார் ஆங்கிலத்திலேயே, "நோ, நோ, சார்!" என்று கத்திவிட்டார். நான்கு தலைகள் காப்பாற்றப்பட்டன. வேறு யாரும் தலையைக் கேட்டதில்லையா என்று கேப்டனிடம் விசாரித்தேன். வியட்நாம்காரர்கள் ஒன்றைக்கூட விடமாட்டார்கள் என்றார்.

இரவு தலைக்குழம்பு. மாமனார் சாப்பிட்டு முடித்து, தட்டிலிருந்த மண்டையோட்டை உடைத்து, காதுக்குள் இருக்கும் வெள்ளைக் கற்கள் இரண்டை எடுத்துக் கழுவினார். கத்தாழைக் குடும்பத்துக்கு இந்தக் கல் பெரிது. அதன் வளையங்களை எண்ணித்தான் ஆய்வாளர்கள் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை டப்பாவில் ஞாயிற்றுக்கிழமைக் குழியைக் காலி செய்து அவற்றை அதில் வைத்தார். பிறகு, "இப்பவாவது சொல்லுங்க, எவ்வளவு குடுத்தீங்க?" என்றார். சொன்னேன். தலைக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.