மரத்தளத்தைப் பழுது பார்ப்பதா, பிரித்துப் போடுவதா: மூன்று மாதக் குறிப்புகள்

முதல் வாரம்

பின்கதவுக்கு வெளியே இருக்கும் மரத்தளத்துக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். 4.8 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரம். போன மாதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது அதன் பின்கால் ஒரு பலகைக்குள் விரல் ஆழத்துக்கு இறங்கிவிட்டது.

"எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசா கட்டிடலாம்" என்றாள் மனைவி. "ஒரு பலகைதானே, மாத்திட்டாப் போச்சு" என்றேன் நான். இரண்டு பேருமே அதுவரை தளத்தை மேலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தோம்.

மொத்தம் 21 பலகைகள். சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டு, திருப்புளியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் கணீரென்று பேசுகிறது. மக்கியது, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் மொத்தென்று அடங்கிப்போகிறது. சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளியின் முனையைக் குத்தி நெம்பினேன். உறுதியான மரம் நீளமான சிலாம்பாகக் கிளம்பி வரும். மக்கிய மரம் சிலாம்பே தராமல் பொட்டென்று குறுக்கே ஒடியும். ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்து செய்து பார்த்தால் கை அந்த வித்தியாசத்தை மறக்காது.

மனைவியைப் பயமுறுத்தியது பலகையின் சாம்பல் நிறம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் இருக்கும் லிக்னினை, அதாவது மரநார்களை ஒட்டிப் பிடிக்கும் பொருளை, சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சிய நார் நரைத்துத் தெரிகிறது. ஓரிடத்தில் இழைப்புளியை இரண்டு தடவை ஓட்டினேன். அடியில் பழைய தேன்நிறம் அப்படியே இருந்தது. ரேகையோடு ஓடும் வெடிப்புகளும் பெரும்பாலும் காய்ந்ததால் வந்தவைதான். அவற்றில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்பது மட்டும் முக்கியம்.

கணக்கு: 5 பலகைகள் போய்விட்டன, 4 பலகைகளில் முனை மட்டும் போயிருக்கிறது, மீதி 12 நன்றாக இருக்கின்றன. நான் ஜெயித்துவிட்டேன் என்றே அன்று நினைத்தேன்.

இரண்டாம் வாரம்

தச்சு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சாக்பீஸ் எண்களைப் பார்க்கக்கூட இல்லை. "பலகை போனா கால் உள்ளே போகும் தம்பி. சுவரோட இருக்குற சட்டம் போனா ஆளே உள்ளே போவாங்க. கீழே படுத்துப் பார்த்தீங்களா?" என்றார்.

தார்ப்பாயை விரித்து, டார்ச்சோடு கீழே ஊர்ந்தேன். முக்கால் மீட்டர் என்பது நின்று பார்க்கும்போதுதான் உயரம்.

அடியில் அமைப்பு இதுதான். வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு நீளச் சட்டம், லெட்ஜர் என்பார்கள். நான் சுவர்ச்சட்டம் என்று எழுதுகிறேன். எதிர்ப்பக்கம் மூன்று தூண்களின் மேல் ஓர் உத்திரம். இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 9 குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் பலகைகள்.

தூண்கள் கான்கிரீட்டுக்குள் புதையாமல், அதன் மேல் இரும்புக் காலணியில் நிற்கின்றன. கட்டியவர் செய்த புண்ணியம். தூக்குக்குண்டு பிடித்தேன், மூன்றும் நேராக இருந்தன. உத்திரமும் வைரம்போல் இருந்தது. குறுக்குச் சட்டங்களில் ஏழு உறுதி. 3, 4 ஆகிய இரண்டின் மேல்விளிம்பு மட்டும் ஆணி இறங்கிய இடங்களில் கறுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் வரை மெத்தென்றிருந்தது. ஒவ்வோர் ஆணியும் தண்ணீருக்கு ஒரு குழாய். மேலே பலகை மூடியிருப்பதால் உள்ளே போன ஈரம் காயவே காயாது.

பிறகு சுவர்ச்சட்டம். கதவுக்கு நேர் கீழே திருப்புளியை வைத்து அழுத்தினேன். அழுத்தக்கூட இல்லை, வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரும்பு பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே மழைநீரைத் திருப்பிவிட வேண்டிய மறைப்புத் தகடு இல்லை. சுவரில் வழிந்த தண்ணீர் முழுக்க அந்தச் சந்துக்குள் இறங்கியிருக்கிறது. அதைவிட மோசம், சட்டம் வீட்டோடு வெறும் ஆணியால் பொருத்தப்பட்டிருந்தது. ஒரு போல்ட்கூட இல்லை. மரம் இளகினால் ஆணியைப் பிடித்து வைக்க எதுவும் கிடையாது, நேராக வெளியே உருவிக்கொண்டு வரும். ஆள்கூட்டம் நிற்கும்போது மரத்தளங்கள் இடிந்து விழும் விபத்துகளில் அடிக்கடி விட்டுப்போவது இந்த இணைப்புதான். அன்றைக்கே கதவைப் பூட்டி, சாவியை எடுத்து வைத்துவிட்டேன். போன பிறந்தநாளுக்கு இதன் மேல் பதினாறு பேர் நின்றோம்.

ஈரமானி ஒன்றை இரவல் வாங்கி, நான்கு நாள் மழை இல்லாத சமயத்தில் அளந்தேன். பலகைகளில் 14 முதல் 16 சதவீதம். சுவர்ச்சட்டத்தில் 27. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்குக் கீழே பிழைப்பில்லை. 28-30 என்பது மரத்தின் நார்ச்சுவர்கள் முழுக்க ஈரம் குடித்துவிட்ட நிலை. என் சுவர்ச்சட்டம் காய்ந்த நாளிலேயே அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது.

நான்காம் வாரம்

அப்படியானால் மனைவி சொன்னதுதான் சரியா? அங்கேயும் ஒரு சிக்கல். உத்திரமும் தூண்களும் அடித்தளமும் ஏழு சட்டங்களும் நன்றாக இருக்கும்போது அவற்றை ஏன் உடைக்க வேண்டும்? பழுதா, புதிதா என்று இரண்டு பேரும் மொத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தோம். எந்த அடுக்கு வரைக்கும் பிரிப்பது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

சுவர்ச்சட்டத்தை மாற்ற முதல் சில பலகைகளைக் கழற்ற வேண்டும். 3, 4 சட்டங்களை மாற்ற அவற்றின் மேலே போகும் எல்லாப் பலகையையும் கழற்ற வேண்டும், அதாவது 21-ஐயும். பழைய சட்டத்தின் பக்கத்தில் புதியதை ஒட்டிப் பூட்டினால் பலகையைத் தொடாமல் தப்பிக்கலாம் என்று தோன்றியது. ஆனால் மக்கிய மேல்விளிம்பு அங்கேயே கிடக்கும், பக்கத்து மரத்துக்கும் ஈரம் கொடுக்கும். வேண்டாம் என்று விட்டேன்.

சரி, நல்ல பலகைகளைக் கழற்றித் திருப்பிப் போடலாமே? அடிப்பக்கம் வெயில் படாமல் புதிதுபோல் இருக்கிறது. நான்கு பலகைகளில் சோதித்தேன். திருகாணியாக இருந்திருந்தால் சுலபமாக வந்திருக்கும். இது ஆணி, தலைகள் மரத்துக்குள் புதைந்தவை. கடப்பாரை போட்டதில் இரண்டு பலகைகளின் முனை பிளந்தது, ஒன்று நடுவில் விரிந்தது, ஒன்று மட்டும் முழுசாக வந்தது. முதல் வாரத்தில் நான் ஜெயித்த அந்த 12 பலகைகளும் இருந்த இடத்தில் இருக்கும்வரைதான் நல்லவை.

கலப்புப் பலகைகளையும், அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்வது, யோசித்தோம். மனைவிக்கு அதில் ஆசை. அவை பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் கனத்தில் வருகின்றன, 40 சென்டிமீட்டருக்கு ஒரு சட்டம் கேட்கின்றன. என் பழைய பலகை 38 மில்லிமீட்டர். அதனால்தான் 60 இடைவெளியிலும் தொய்யாமல் கிடந்தது. கலப்புப் பலகை வேண்டுமென்றால் சட்டங்களை நெருக்கி அடுக்க வேண்டும், அப்போது பாதிப் பழுது முழுக் கட்டுமானம் ஆகிவிடும். பேசி முடித்து, 38 மில்லிமீட்டர் மரத்துக்கே திரும்பினோம்.

தீர்மானம்: அடித்தளம், தூண், உத்திரம், ஏழு சட்டங்கள் இருக்கும். சுவர்ச்சட்டம், இரண்டு குறுக்குச் சட்டங்கள், எல்லாப் பலகையும், கைப்பிடியும் புதிது. யார் ஜெயித்தார்கள் என்று இன்னும் வீட்டில் முடிவாகவில்லை.

ஆறாம் வாரம்

சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, தற்காலிக உத்திரம் ஒன்றை ஜாக்கிகளின் மேல் வைத்து, சட்டங்களின் கீழே முட்டுக்கொடுத்தேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கினால் போதும். அதற்குமேல் தூக்கினால் எதிர்முனை இணைப்புகள் முனகுகின்றன.

பழைய சுவர்ச்சட்டம் கையோடு வந்தது. அதன் பின்னால் வீட்டுச் சுவரின் சொந்த மரச்சட்டம். அதையும் பூஞ்சை தின்றிருந்தால் தளத்தையே மறந்துவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டும். கறுத்த கறை இருந்தது. குத்தினேன், நெம்பினேன். நீளமான சிலாம்பு வந்தது! அந்தச் சிலாம்பை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். கறைபட்ட இடத்தை மூடாமல், மழை மட்டும் படாதபடி தார்ப்பாயைத் தூக்கிக் கட்டி, இரண்டு வாரம் காற்றாட விட்டேன். ஈரம் 23 சதவீதத்திலிருந்து 15-க்கு இறங்கிய பிறகுதான் புதுச் சட்டத்தை ஏற்றினேன்.

பழைய மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த வயதுள்ள பச்சை சாயல் மரங்களில் மக்காமலிருக்க மருந்தாகக் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் அது நிறுத்தப்பட்டது. அறுக்கும்போது முகமூடி வேண்டும், எரிக்கவே கூடாது. சாம்பலிலும் புகையிலும் ஆர்சனிக் வரும். பக்கத்து வீட்டு அண்ணன் அடுப்புக்குக் கேட்டார். விளக்கிச் சொல்லியும் முகம் வாடித்தான் போனார்.

ஒன்பதாம் வாரம்

செய்த தவறுகள்.

முதலாவது, ஹேங்கர்களை, அதாவது குறுக்குச் சட்டத்தின் முனையைத் தாங்கும் இரும்புத் தொட்டில்களை, வீட்டில் மிச்சமிருந்த மஞ்சள் பளபளப்புத் திருகாணிகளால் முடுக்கினேன். இப்போது வீட்டு உபயோகத்துக்கு வரும் பதப்படுத்திய மரங்களில் பெரும்பாலும் ஆர்சனிக் இல்லை, பதிலுக்குத் தாமிரம் அதிகம். தாமிரம் சாதாரண முலாமை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது வேண்டும், அல்லது துருப்பிடிக்காத எஃகு. 36 திருகாணிகளைத் திரும்பக் கழற்றினேன். அதுவும் போக, ஹேங்கருக்குச் சாதாரணத் திருகாணியே ஆகாதாம், அதற்கென்று செய்த ஆணியோ திருகாணியோதான் போட வேண்டும். அதே காரணத்துக்காக மறைப்புத் தகட்டையும் அலுமினியத்தில் வாங்கக் கூடாது. அதில் தப்பித்தது பெரியவர் புண்ணியத்தில்.

இரண்டாவது, புதுப் பலகைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். மருந்து ஏற்றிய மரம் ஈரத்தோடு வந்திருந்தது. காய்ந்து சுருங்கியதும் சில இடங்களில் 10 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. ஈர மரத்தை ஒட்டி ஒட்டிப் போட வேண்டுமாம், இடைவெளியை அதுவே விட்டுக்கொள்ளும். மனைவியின் பேனா ஒன்று ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

சரியாகச் செய்தவை: சுவர்ச்சட்டத்துக்கு 12 மில்லிமீட்டர் போல்ட், மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, வீட்டின் சட்டத்தைத் துளைத்து. அதன் மேல், சுவரின் வெளிப்புறத்தை மூடும் பலகைக்குள் நுழைந்து வெளியே மடங்கும் மறைப்புத் தகடு. எல்லாக் குறுக்குச் சட்டங்களின் தலையிலும் பியூட்டைல் என்ற ரப்பர் வகை ஒட்டுநாடா. திருகாணி துளைத்த இடத்தை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. அறுத்த முனைகள் எல்லாவற்றிலும் காப்பர் நாப்தனேட் என்ற மரம் மக்காமல் காக்கும் மருந்து இரண்டு பூச்சு, ஏனென்றால் மரம் தண்ணீரை உறிஞ்சுவது முக்கியமாக முனை வழியாகத்தான். வாடை ஒரு வாரம் போகாது. கைப்பிடித் தூண்களை வெளிவிளிம்பில் நிறுத்தி, உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்துப் போல்ட் போட்டேன். என் முழு எடையோடு சாய்ந்தும் அசையவில்லை.

பன்னிரண்டாம் வாரம்

தளம் திறந்தாயிற்று. சாயம் இன்னும் பூசவில்லை. பலகையில் தண்ணீர்த் துளி விட்டால் முத்தாக நிற்கிறது, ஊறவில்லை; உள்ளே ஈரம் இருக்கும்வரை சாயம் பிடிக்காது. மாதம் ஒருமுறை துளி விட்டுப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. வைத்துக்கொண்ட ஏழு சட்டங்களில் 6-ஆம் எண்ணின் சுவர்ப்பக்க முனை 21 சதவீதம் காட்டியது. குத்தினால் உறுதியாகத்தான் இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் மேலே இருக்கும் இரண்டு பலகைகளை மட்டும் எளிதாகக் கழற்றும்படி திருகாணி போட்டு, அடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்திருக்கிறேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தார்ப்பாயோடு மறுபடி உள்ளே போக வேண்டும்.