பேர் இல்லாம போன கேப்ஷன்

"ஆறு வீரர்கள்னு போட்டு முடிப்பா, பேரெல்லாம் எவன் படிக்கப் போறான்." எங்க பத்திரிகையோட சீஃப் சப் எடிட்டர் சார், ஒரு படத்தோட கேப்ஷனுக்குச் சொன்னது இவ்வளவுதான். பேஜ் போற நேரம், எனக்கு இருந்ததும் சிங்கிள் காலம் பாக்ஸ், அவர் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனாலும் அது மண்டைக்குள்ள இன்னும் ஓடிட்டே இருக்கு.

படம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட ஐவோ ஜிமா தீவு, சுரிபாச்சி மலை உச்சியில ஆறு வீரர்கள் ஏத்துற அமெரிக்கக் கொடி, 1945 பிப்ரவரி 23, ஏபி செய்தி நிறுவன போட்டோகிராபர் ஜோ ரோசன்தால் எடுத்தது. அது அன்னைக்கு ஏத்துன ரெண்டாவது கொடி, காலையில ஏத்துன சின்னதை இறக்கிட்டுப் பெருசா ஒண்ணு ஏத்துனாங்க. யார் முகமும் சரியா தெரியாது, ரோசன்தாலும் பேர் கேட்டு எழுதிக்கல.

எங்க பழைய ஃபைல்ல அந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் பிராட்லி, கேக்னான்னு இருந்துச்சு. பிராட்லி இல்ல, அது ஹெரால்ட் ஷூல்ட்ஸ்னு 2016ல அந்த வீரர்களோட படைப்பிரிவான மரைன் கோரே மாத்திட்டாங்க, 2019ல கேக்னானும் இல்ல, ஹெரால்ட் கெல்லர்னு சொல்லிட்டாங்க. "சார், புதுப் பேரையே போட்டுரலாமே"ன்னேன். "பழசைப் படிச்சவனும் போன் பண்ணுவான், புதுசைப் படிச்சவனும் பண்ணுவான், பேரே இல்லன்னா எவனும் பண்ண மாட்டான்"னார். நான் அதுக்கு மேல பேசல.

அப்போ எனக்கு அந்த ஆறு பேர்ல ஒருத்தரான ஐரா ஹேய்ஸ் ஞாபகம்தான். கொடிக்கம்பத்தோட அடியில குனிஞ்சு நிக்கிற ஹார்லன் பிளாக்கை, ஹேன்சன்னு வேற ஒரு வீரரா தப்பா அறிவிச்சிட்டாங்க. படத்துல இருந்த ஹேய்ஸ் வாஷிங்டன்ல அதிகாரிகிட்ட சொன்னா, பேரெல்லாம் வெளிய போயாச்சு, ரெண்டு பேரும் செத்தும் போயாச்சு, பேசாம இருன்னுட்டாங்களாம். அந்தப் படத்தை வச்சு நடந்த ஏழாவது போர்க்கடன் திரட்டுல வந்தது 2600 கோடி டாலருக்கு மேல, அதுக்கு நடுவுல ஒரு பேரைத் திருத்த யாருக்கு நேரம். 1946ல மனுஷன் அரிசோனாவுல இருந்து டெக்சாஸ் வரைக்கும் வழியில லிஃப்ட் கேட்டே போய் பிளாக்கோட அப்பாகிட்ட நேர்ல சொல்லிட்டு வந்தார், அதுக்கப்புறம்தான் 1947ல திருத்துனாங்க. பிளாக்கும், படத்துல இருந்த ஸ்ட்ராங்க்கும் 1945 மார்ச் 1லயே, அந்தத் தீவுலயே இறந்துட்டாங்க, படத்துல இருந்த இன்னொருத்தர் சவுஸ்லி அதே மாசம் 21ல.

சரி, எங்க பாக்ஸ் ஐட்டத்தால எந்த அப்பாவுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? லாஸ் ஏஞ்சல்ஸ் போஸ்ட் ஆபீஸ்ல வேலை பார்த்த ஷூல்ட்ஸே 1995ல சாகுற வரைக்கும் வெளிய சொல்லிக்கல, அவருக்கே வேண்டாத பேருக்கு நான் ஏன் மல்லுக்கட்டணும்னு ஒரு நாள் தோணும். மறுநாளே, அவர் சொல்லாம இருந்தது அவர் இஷ்டம், நாங்க விட்டது போன் வரும்னுதானேன்னு தோணும்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. இதே பாக்ஸ் 2015ல வந்திருந்தா நான் பிராட்லி, கேக்னான்னுதான் அடம்பிடிச்சுப் போட்டிருப்பேன், அது தப்பா போயிருக்கும். சார் போடச் சொன்ன "ஆறு வீரர்கள்" 1945லயும் சரி, 2015லயும் சரி, இப்பவும் சரி, திருத்தமே போட வேண்டாத ஒரே கேப்ஷன் அதுதான், எனக்கு எரிச்சலே அதுலதான்.